கொழும்பில் தமிழில் ஏ.ஏ. கூட்டம்: எப்படித் தேடுவது, போனால் என்ன நடக்கும்?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவருக்கு 41 வயது. ஆறேழு வருஷமாகக் குடிப்பழக்கம், கடந்த இரண்டு வருஷமாக ஒரு நாளும் தவறியதில்லை. போன கிழமை மகளின் பிறந்தநாளன்று வீட்டில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு, "நிற்பாட்டத்தான் வேணும், தனிய ஏலாது" என்று அவரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் கைகொடுக்கிற ஏ.ஏ. என்ற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பற்றி யாரோ சொன்னார்களாம். கொழும்பில் தமிழில் கூட்டம் உண்டா, காசு கட்ட வேண்டுமா, சேர்ச்சில் நடக்கிறதாமே, நாங்கள் சைவமாயிற்றே, தெரிந்த ஆட்கள் கண்டுவிட்டால் என்ன செய்வது? இவ்வளவும் அவருடைய கேள்விகள்.

நான் கடைசியாகக் குடித்து 14 வருஷமாகிறது. கொட்டாஞ்சேனைக்காரன். ஏ.ஏ.காரர்கள் வெளியில் பெயர் சொல்வது வழக்கமில்லை, அதனால் இத்தோடு விடுகிறேன். தங்கச்சி, "தனிய ஏலாது" என்ற வார்த்தை ஒரு குடிப்பவனின் வாயிலிருந்து லேசில் வராது. வந்த பிறகு நாளைக் கடத்தாதீர்கள்.

ஆனால் கூட்டத்தைத் தேட முதல் ஒன்றைப் பாருங்கள். காலையில் எழும்பும்போது அவருக்குக் கை நடுங்குகிறதா? காரணமில்லாமல் வேர்க்கிறதா? ஒரு வாய் உள்ளே போனதும் அதெல்லாம் அடங்கிவிடுகிறதா? ஓம் என்றால், நாளையிலிருந்து ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று சாமிப் படத்துக்கு முன்னால் அவர் சத்தியம் செய்து, வீட்டுக்குள்ளேயே இருந்து நிற்பாட்ட விடாதீர்கள். முதலில் டொக்டரிடம் போக வேண்டும். மது மூளையை அடக்கி வைக்கிற பொருள். வருஷக்கணக்காக அழுத்திக்கொண்டிருந்த கையை ஒரேயடியாக எடுத்தால் மூளை துள்ளும். கடைசியாகக் குடித்து ஆறு மணித்தியாலம் போனாலே நடுக்கம், வேர்வை, சத்தி, படபடப்பு தொடங்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டாம், மூன்றாம், நான்காம் நாட்களில் சிலருக்கு ஆளே தடுமாறிப் போய், சுவரில் இல்லாத பூச்சியெல்லாம் தெரியும், பக்கத்தில் இருக்கிறவர்களை அடையாளம் தெரியாது. டிலீரியம் ட்ரெமென்ஸ் என்பார்கள். வைத்தியம் பார்க்காமல் விட்டால் உயிர் போகலாம். மன உறுதி எவ்வளவு இருந்தாலும் வலிப்பை அது நிறுத்தாது.

வெள்ளவத்தைக்குக் களுபோவில ஆஸ்பத்திரி கிட்ட. கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும், அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்திலும் இதற்குச் சிகிச்சை உண்டு. எல்லாம் அரசாங்கத்துடையது, காசில்லை. சில நாளுக்கு மாத்திரை தந்து மெல்ல மெல்ல இறக்குவார்கள், பி1 விட்டமின் தருவார்கள். மனநலப் பிரிவு என்ற பலகையைக் கண்டு அவர் பின்வாங்கலாம். "கை நடுக்கத்துக்கு மருந்தெடுக்கப் போகிறோம்" என்று சொல்லுங்கள், அது பொய்யில்லை. வீட்டில் வலிப்பு வந்துவிட்டால் யோசிக்காமல் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

இதோடு சேர்த்து இன்னொன்று. தேத்தண்ணியில் அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கிற மாத்திரை என்று யாராவது உறவுக்காரர் கொண்டுவந்து தருவார்கள். அநேகமாக அது டைசல்ஃபிராமாக இருக்கும். அதை எடுத்திருக்கும்போது மது உள்ளே போனால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, சத்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழும். குடிப்பவர் தானே தெரிந்து, டொக்டர் சொல்லி எடுக்க வேண்டிய மருந்து அது. தெரியாமல் கலந்தால் உயிருக்கே ஆபத்து. உயிர் தப்பினாலும் உங்கள் கையால் ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிக்கவும் பிறகு யோசிப்பார்.

சரி, கூட்டம்.

எல்லாரும் முகவரியைத்தான் கேட்கிறார்கள். நான் முகவரிக்கு முதல் ஒரு ஆளைத் தேடச் சொல்வேன். ஏ.ஏ. பிறந்ததே அப்படித்தான். 1935 மே மாதம், நியூயோர்க்கில் பங்குச் சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சன் ஒரு வியாபார அலுவலாக ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரத்துக்குப் போனார். குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. போன காரியம் கைகூடவில்லை. மேஃப்ளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பார், அங்கிருந்து சிரிப்புச் சத்தம். மற்றப் பக்கம் ரெலிபோன், பக்கத்திலே ஊர்த் தேவாலயங்களின் பட்டியல். பாருக்குள் போகாமல் பட்டியலைப் பார்த்து அழைக்கத் தொடங்கினார். அவர் கேட்டது புத்திமதி இல்லை. தன்னைப் போலக் குடியால் தவிக்கிற இன்னொருவரோடு பேச வேண்டும் என்று கேட்டார். ஒருவர் மாறி ஒருவராகப் போய், கடைசியில் ஹென்றியேற்றா சைபர்லிங் என்ற பெண்மணி கிடைத்தார். மறுநாள் அவர் வீட்டிலேயே டொக்டர் பொப் ஸ்மித் என்ற சத்திரசிகிச்சை நிபுணரைச் சந்திக்க வைத்தார். 15 நிமிஷம்தான் இருப்பேன் என்று வந்த டொக்டர் ஆறு மணித்தியாலம் இருந்தார். அவர் கடைசியாகக் குடித்தது அந்த வருஷம் ஜூன் 10. அந்த நாளைத்தான் ஏ.ஏ. தொடங்கிய நாளாகக் கணக்கெடுக்கிறோம்.

என் கதையிலும் முதலில் வந்தது முகவரிதான், அது உதவவில்லை. ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டு இரண்டு கிழமை அந்த மண்டபத்து வாசல் வரை போய்த் திரும்பினேன். முதல் கிழமை வாசலில் ஆட்கள் கல்யாண வீட்டில் நிற்கிற மாதிரிச் சிரித்துக் கதைத்துக்கொண்டு நின்றார்கள். குடியை விட வந்தவர்கள் இப்படியா சிரிப்பார்கள், பிழையான இடம் என்று திரும்பிவிட்டேன். அடுத்த கிழமை தெருவை மூன்று தரம் சுற்றிவிட்டு, நேராக வைன் ஸ்டோர்ஸுக்குப் போனேன். மூன்றாம் கிழமை வியாழக்கிழமை இரவு, வெறியில், துண்டின் பின்பக்கம் இருந்த நம்பருக்கு அழைத்தேன். எடுத்தவர் சிங்களத்தில் தொடங்கி, என் உச்சரிப்பைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். "தம்பி, இப்ப குடிச்சிருக்கிறீங்களா?" "ஓம் அண்ணா." "பரவாயில்ல. சனிக்கிழமை ஆறேகாலுக்கு வாசல்ல நிப்பன். நீலச் சேர்ட்." அவ்வளவுதான்.

சனிக்கிழமை நீலச் சேர்ட் நின்றது. உள்ளே கொண்டுபோய் ஒரு கதிரையில் இருத்தினார். ஒருவர் எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தார், மற்றவர்களுக்குக் கோப்பை நிரம்ப. எனக்குப் பாதிதான் ஊற்றினார். என் கையைப் பார்த்துவிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிந்தாமல் குடித்து முடித்ததும் வந்து மற்றப் பாதியை ஊற்றிவிட்டுப் போனார். அன்றைக்கு யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் எனக்கு ஞாபகமில்லை. அந்த அரைக் கோப்பை ஞாபகமிருக்கிறது. அவருடைய கையும் ஒரு காலத்தில் அப்படி நடுங்கியிருக்கிறது, அதனால்தான் அவருக்குத் தெரிந்தது.

அந்த ஆளைப் பிடிக்கக் கொழும்பில் சில வழிகள் உண்டு. ஏ.ஏ.யின் உலக அலுவலக இணையதளத்தில் நாடு வாரியாகத் தொடர்புகள் இருக்கின்றன. கூகிளில் ஆங்கில எழுத்தில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் ஸ்ரீலங்கா என்று தேடினாலும் நம்பர் வரும். ஆனால் பழைய பக்கமொன்றில் கிடந்த நாளையும் நேரத்தையும் நம்பி அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். குழுக்கள் இடம் மாறும், நேரம் மாறும். இருக்கிற துணிச்சலையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்தவன் பூட்டிய கேற்றைக் கண்டால் இரண்டாம் தரம் வர மாட்டான். நான் இங்கே மண்டபத்தின் பெயரை எழுதாததும் இதனால்தான். அழைத்துக் கேட்டு, இந்தக் கிழமை நடக்கிறது என்று ஒரு குரல் சொன்ன பிறகு போங்கள்.

அடுத்தது கொழும்பு 7, ஹோர்ட்டன் பிளேஸில் இருக்கிற மெல் மெதுர. 1974 முதல் மனம் நொந்தவர்களுக்குக் காது கொடுத்து வருகிற சுமித்ரயோ அமைப்பின் ஒரு பகுதி அது. மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் அடிமையானவர்களுக்கென்றே நடத்துகிறார்கள். தங்கி இருக்கத் தேவையில்லை, காசில்லை, விஷயம் வெளியில் போகாது, குடும்பத்தவர்களோடும் பேசுவார்கள். கூட்டம் என்றதும் மிரளுகிற ஆளுக்கு முதலில் ஒருவரோடு ஒருவர் இருந்து கதைக்கிற இடம் நல்லது என்பது என் அபிப்பிராயம். இரவில் மனம் தாங்காத நேரம் வந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926, சி.சி.சி. அமைப்பின் 1333 ஆகிய நம்பர்கள் இருக்கின்றன. மருந்தெடுக்கப் போகிற கிளினிக்கில் தாதியிடமும் கேளுங்கள். எந்தக் குழு ஒழுங்காக நடக்கிறது என்று அங்கே வேலை செய்பவர்களுக்கு அநேகமாகத் தெரிந்திருக்கும்.

போனில் என்ன கேட்பது? இந்தக் கிழமை கூட்டம் உண்டா, திறந்த கூட்டமா மூடியதா, தமிழ் கதைக்கிற ஆள் வருவாரா, வாசலில் யாராவது எங்களைச் சந்திப்பார்களா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். திறந்த கூட்டமென்றால் நீங்களும் கூடப் போய் உட்காரலாம். மூடிய கூட்டம் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். நம்பரை நீங்கள் அழுத்தலாம், பேச வேண்டியது அவர். மனைவி பேசி ஒழுங்கு செய்த கூட்டத்துக்கு மனைவிக்காகத்தான் போவார். தானே "ஓம் அண்ணா" என்று சொன்னவர் தனக்காகப் போவார்.

தமிழ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொழும்புக் கூட்டங்களில் காதில் விழுவது பெரும்பாலும் ஆங்கிலமும் சிங்களமும்தான். அவருக்கு இரண்டும் அலுவலக அளவில் வருமென்றாலும், மகளின் பிறந்தநாளன்று என்ன செய்தேன் என்று அலுவலக மொழியில் சொல்ல முடியாது. அதனால் தன் முறை வரும்போது தமிழிலேயே பேசட்டும். பாதிப் பேருக்கு விளங்காவிட்டாலும் யாரும் நடுவில் நிறுத்த மாட்டார்கள். அதோடு, தமிழ்நாட்டுக் குழுக்கள் இணையத்தில் நடத்துகிற தமிழ்க் கூட்டங்களையும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏ.ஏ.யின் இணையக் கூட்டப் பட்டியலில் மொழி பார்த்துத் தேடலாம். அங்கேயும் இங்கேயும் ஒரே நேரம், சென்னையில் இரவு எட்டு மணியென்றால் வெள்ளவத்தையிலும் எட்டு. கமராவைத் திறக்கத் தேவையில்லை, எந்தப் பெயரும் போடலாம். நேரில் கிழமைக்கு ஒரு தரம், இடையில் மற்ற நாட்களில் இணையம் என்று கலந்து பிடித்தவர்கள் நன்றாக நிலைத்ததைப் பார்த்திருக்கிறேன். இணையம் மட்டும் போதும் என்று இருந்தவர்கள் கஷ்டப்பட்டார்கள். திரையில் யாரும் உங்கள் கையைப் பார்க்க மாட்டார்கள்.

அந்தக் கூட்டங்களில் ஒவ்வொருவரும் பேசத் தொடங்கும்போது "நான் ஒரு குடிநோயாளி" என்பார்கள். நாங்கள் சின்ன வயதிலிருந்து கேட்ட சொல் குடிகாரன். அது மற்றவன் சொல்கிற சொல், ஏசுகிற சொல். குடிநோயாளி என்பதைத் தானே தன்னைப் பற்றிச் சொல்லலாம். நோய் என்றால் மருந்து தேடலாம், பத்தியம் இருக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் அந்தச் சொல்லை வாயால் சொல்ல நாலு மாதம் எடுத்தது. உங்கள் கணவர் முதல் நாளே சொல்ல வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. "இன்றைக்குக் கேட்கத்தான் வந்தேன்" என்றால் சரி.

காசு: சேர்வதற்குக் கட்டணமில்லை, மாதச் சந்தா இல்லை. முடிவில் ஒரு தொப்பியோ தட்டோ சுற்றி வரும், மண்டப வாடகைக்கும் தேயிலைக்கும். புதியவர் போடத் தேவையில்லை.

சேர்ச் என்பது பலரை முட்டுக்கட்டையாகத் தடுக்கிறது. பின்னேரத்தில் சும்மா கிடக்கிற மண்டபத்தைக் குறைந்த வாடகைக்குத் தருகிறவர்கள் பெரும்பாலும் சேர்ச்காரர்கள், உலகம் முழுக்க இதே கதைதான். ஏ.ஏ. எந்தச் சபையையும் சேர்ந்ததில்லை. கடவுள் என்ற சொல் வரும், அதை மறைக்க மாட்டேன். 1939இல் வெளிவந்த ஏ.ஏ.யின் முதல் புத்தகம் எழுதப்பட்டபோது, கடவுள் நம்பிக்கை இல்லாத உறுப்பினர்கள் சண்டை பிடித்துத்தான் "நாங்கள் விளங்கிக்கொண்ட கடவுள்" என்ற வாசகம் சேர்ந்தது. முருகனைக் கும்பிடுகிறவர் முருகனையே கும்பிடலாம். எங்கள் குழுவில் விபூதியோடு வருகிறவர் உண்டு, தொழுதுவிட்டு வருகிறவர் உண்டு, ஒன்றையும் கும்பிடாதவரும் உண்டு. உறுப்பினராக ஒரே ஒரு தகுதிதான், குடியை விட வேண்டும் என்ற விருப்பம். அதுவும் முழு விருப்பமாக இருக்க வேண்டுமென்றில்லை.

தெரிந்த ஆட்கள் காண்பது பற்றி. வெள்ளவத்தை எவ்வளவு சின்ன இடம் என்று எனக்குத் தெரியும். காலையில் ஒரு வீட்டில் சண்டையென்றால் பின்னேரம் மரக்கறிக் கடையில் கதை. அதனால் முதலில் வேறு பக்கத்துக் கூட்டத்துக்குப் போவதில் தப்பில்லை. நானும் கொட்டாஞ்சேனையை விட்டு மற்ற அந்தத்துக்குத்தான் போனேன். ஆனால் உள்ளே அவரைக் காண்கிற ஆளும் அங்கே அதே காரியத்துக்குத்தான் வந்திருக்கிறார். யாரைக் கண்டேன், என்ன கேட்டேன் என்று வெளியில் சொல்லாமலிருப்பதை நாங்கள் உயிர் மாதிரிக் காக்கிறோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். அவர் ஆடி ஆடி வந்து ஓட்டோவிலிருந்து இறங்கியதை உங்கள் ஒழுங்கையில் ஏற்கனவே எல்லாரும் கண்டுவிட்டார்கள். கூட்டத்துக்குப் போவது அவர்களுக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம், கெட்ட செய்தியாக இராது.

உண்மையில் பலன் உண்டா என்று அவர் கேட்பார், கேட்கட்டும். 2020இல் கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. தொடர்ந்து முற்றாக விட்டிருப்பது என்ற கணக்கில், ஆளை முறையாக ஏ.ஏ.யோடு இணைத்துவிடுகிற சிகிச்சை மற்றச் சிகிச்சைகளைவிட மேலாகவே நின்றது. எல்லாருக்கும் பிடிக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு குழு பிடிக்காவிட்டால் இன்னொரு குழு, அதுவும் ஒத்துவராவிட்டால் கிளினிக்கும் ஆலோசகரும். மூன்று கூட்டம் போய்ப் பார்க்காமல் வேண்டாமென்று முடிவெடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இடையில் ஒரு நாள் குடித்துவிட்டாரென்றால் அடுத்த கிழமையும் போகட்டும். எங்களில் வழுக்காமல் வந்தவர்கள் குறைவு. சம்பள நாளும், மதுக் கடை பூட்டுகிற போயாவுக்கு முதல் நாளும் கவனம். கடை பூட்டப் போகிறதே என்ற பதற்றத்தில் அன்றைக்குத்தான் நான் இரண்டு நாளைக்கானதை வாங்கி வைப்பேன். அந்த நாட்களில் பின்னேரம் நாலு மணிக்கே குழுவில் யாருக்காவது அழைக்கச் சொல்லுங்கள். இரவு பத்து மணிக்கு அழைத்தால் பிந்திவிடும்.

கடைசியாக உங்களுக்கு. கூட்டத்துக்கு வந்த கணவன்மாரைக் காத்துக்கொண்டிருந்த மனைவிமார், தங்களுக்கும் ஒரு வருத்தம் பிடித்திருப்பதை உணர்ந்து, தங்களுக்குள் கூடத் தொடங்கினார்கள். பில்லின் மனைவி லோயிஸும் இன்னொரு தோழியும் 1951இல் அதை அல்-அனொன் என்ற அமைப்பாக ஒழுங்கு செய்தார்கள். அதற்கும் இணையக் கூட்டங்கள் உண்டு. போத்தலை ஒளிப்பது, சின்க்கில் ஊற்றுவது, அவருடைய அலுவலகத்துக்கு அழைத்துக் காய்ச்சல் என்று சொல்வது, இதெல்லாம் எத்தனை வருஷம் செய்தீர்கள் என்று அங்கே யாரும் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டார்கள், அவர்களும் செய்தவர்கள்தான். பிறந்தநாளன்று நடந்தது என்ன என்று நீங்கள் எழுதவில்லை. கை நீட்டினார் என்றால், அது அவர் குடியை விடும்வரை பொறுத்திருக்க வேண்டிய விஷயமில்லை. பெண்களுக்கான 1938க்கு அழையுங்கள். நீங்களும் மகளும் பாதுகாப்பாக இருந்துகொண்டே அவர் கூட்டத்துக்குப் போகலாம்.

முதல் நாள் கூடப் போவதானால், கூட்டம் முடிந்ததும் நேரமாகிறது என்று அவரை இழுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். கதிரைகளை அடுக்குகிற அந்தப் பத்து நிமிஷத்தில்தான் நம்பர்கள் கைமாறும். நீங்கள் வெளியில் நில்லுங்கள். காலி வீதிக்கு வந்தால் 100ஆம் நம்பர் பஸ் ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வரும்.